கூரைமேல் இருக்கிறவர்

மே 6, செவ்வாய்

ஏசி இன்று மதியம் இரண்டே காலுக்கு நின்றுவிட்டது. ஒரு முனகல், ஒரு 'டக்', அவ்வளவுதான். கூரைமேல் ஏறி மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கம்ப்ரஸர் இறுகிப் போயிருக்கிறது. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்த்தவன் நான். மயங்கிக் கிடப்பதற்கும் செத்துக் கிடப்பதற்கும் வித்தியாசம் தெரியும். இது செத்துவிட்டது.

வெளியே நூற்றிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட். உள்ளே தொண்ணூற்றாறு. எங்கள் வீடு என்பது டிரக்கின் பின்னால் கட்டி இழுக்கிற முப்பதடி வண்டி. ஏசி இல்லாமல் அரிசோனாவின் மே மாதத்தை இதற்குள் தாண்ட முடியாது. பனிக்காலத்துக்கு வந்தவர்கள் ஏப்ரலிலேயே வடக்கே போய்விட்டார்கள். இந்த வண்டி முகாமில் நூற்று நாற்பது இடம். இப்போது நிற்பது மூன்று வண்டி. அதில் ஒன்றில் ஆளில்லை. மற்ற இடமெல்லாம் சிமென்ட் தரையும் மின்சாரக் கம்பமும்தான். ஈ காக்கை கிடையாது.

ஜானெல் போன் செய்தபோது உளறிவிட்டேன். பெற்ற மகளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "அப்பா, ஞாயித்துக்கிழமை அன்னையர் தினத்துக்கு வரேன். அப்ப வண்டிக்குள்ள குளிர் இல்லேன்னா அம்மாவை என்னோட எங்க ஊர் லிங்கனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். நான் சொன்னேனே, அந்த முதியோர் இல்லத்துல பதினஞ்சாம் தேதி வரைக்கும்தான் இடம் வச்சிருப்பாங்க. இதுல பேச்சே இல்ல."

என் மனைவி ஆர்டித்துக்கு ஞாபகம் கரைய ஆரம்பித்து மூன்று வருஷம். கல்யாணமாகி நாற்பத்து நாலு. அவளை எந்த இல்லத்துக்கும் அனுப்ப மாட்டேன்.

பழுது பார்க்கிற ஆள் மூன்று வாரம் கழித்து வருவானாம். நானே மாற்றப் போகிறேன்.

மே 7, புதன்

புது ஏசி டிரக்கில் இருக்கிறது. தொண்ணூற்றேழு பவுண்டு. வாங்கப் போனபோது ஆர்டித்தை லியோட்டா பார்த்துக்கொண்டாள். லியோட்டா இந்த முகாமின் காவல்காரி, மேலாளர், குப்பை அள்ளுபவள், எல்லாம் அவளே. கோடையிலும் இங்கேயே கிடப்பவள். மண் அள்ளும் லோடரில் வைத்து ஏசியைக் கூரைவரை தூக்கித் தருகிறேன் என்றாள்.

"யோவ் ஓரின், எழுபத்தோரு வயசுல கூரைமேல டான்ஸ் ஆடப் போறியா? விழுந்தேன்னா நான் ரிப்போர்ட் எழுதணும். எனக்கு எழுத வராது, சொல்லிட்டேன்."

மதியம் ஒன்று நடந்தது. நடந்தது என்று சொல்ல முடியாது. படுக்கையறையில் ஆர்டித் பேசிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக ஏசியின் இரைச்சலில் இது என் காதில் விழுந்ததே இல்லை. தனக்குத் தானே பேசுகிறவர்கள் விடாமல் பேசுவார்கள். இவள் பேசினாள், நிறுத்தினாள், பிறகு "அப்படியா?" என்றாள். மறுபடி நிறுத்தினாள். சிரித்தாள்.

யாரோ ஏதோ வேடிக்கையாகச் சொன்னால் சிரிக்கிற சிரிப்பு. என்னிடம் அவள் அப்படிச் சிரித்து இரண்டு வருஷம் இருக்கும். எனக்கு வந்தது பயம் இல்லை, பொறாமை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உள்ளே போனேன். கட்டிலில் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "யார்கிட்ட பேசறே?" என்றேன். "மேல இருக்கறவர்கிட்ட" என்றாள், தபால்காரரிடம் என்பதைப் போல.

மே 8, வியாழன்

அதிகாலை ஐந்துக்கு ஏறினேன். கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுத்தான். மார்ச்சில் ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது வெளியே போய்விட்டாள். வறண்ட ஓடையில் இரண்டு மைல் தள்ளி, செருப்பில்லாமல் நின்றாள். அன்றைக்குத்தான் கொண்டியும் பூட்டும் வாங்கினேன். லியோட்டாவுக்குத் தெரியாது. ஜானெல்லுக்கும் தெரியாது.

மின்சாரத்தை நிறுத்தி, உள்ளேயிருந்து நாலு போல்ட்டையும் முன்பே கழற்றியிருந்தேன். மேலேயிருந்து தூக்கினால் பழைய ஏசி அசையவில்லை. ஏன் என்று எனக்குத்தானே தெரியும். இதை உட்கார வைத்தவனும் நான். கூரைக்கும் ஏசிக்கும் நடுவில் ஒரு பஞ்சு கேஸ்கட் வரும்; போல்ட்டை முடுக்கினால் அது நசுங்கி அடைத்துக்கொள்ளும். பசை தேவையில்லை, தடவவும் கூடாது. மழைக்கு ஒழுகிவிடுமோ என்று பயந்து புதுசாக வண்டி வாங்குகிற எல்லோரும் தடவுவார்கள். நானும் சுற்றிலும் ஒரு டப்பா பசையைத் தடவினேன். முப்பத்தோரு வருஷ அனுபவம்! தகட்டைவிட்டு நெம்பி எடுக்க இரண்டு மணி நேரமாயிற்று. கூரையின் ரப்பரும் கையகலத்துக்கு உரிந்து வந்தது. அதற்கு ஒட்டுப் போட்டேன்.

ஏசியை நகர்த்தியதும் கூரையில் பதினாலு அங்குலச் சதுரமாகத் திறப்பு. குனிந்து பார்த்தேன். நேர் கீழே ஆர்டித் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"ஹலோ. நீங்க யாரு மேல?"

நான் ஒரு முட்டாள். "கூரை வேலைக்கு வந்தவன்மா" என்று விளையாடினேன்.

"நல்லது. தொப்பி போட்டுக்கங்க. இங்க வெயில் மோசம்."

தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கி உள்ளே வந்தபோது என்னிடம், "மேல இருக்கறவருக்கும் ஒரு கிளாஸ் கொண்டு போய்க் குடு" என்றாள்.

"நாந்தான் ஆர்டித் அது."

"நீ இல்ல. நீ கீழ இருக்கறவன்." சொல்லிவிட்டு, தெரிந்தவர்கள் முன்னால் உளறுகிற ஆளைப் பார்ப்பதைப் போல் என்னைப் பார்த்தாள்.

எட்டரைக்கு லியோட்டா லோடரைக் கொண்டுவந்து புது ஏசியைக் கூரை விளிம்புக்கு ஏற்றிவிட்டாள். அங்கிருந்து திறப்புவரை நான் தூக்கி வைக்க வேண்டும். இழுக்கக் கூடாது; இழுத்தால் அடியில் ஒட்டியிருக்கிற கேஸ்கட் கிழிந்துவிடும். முழங்காலில் முட்டுக்கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன். திறப்பு ஒரு சாண் தூரம்.

கீழேயிருந்து ஆர்டித் கேட்டாள், "உங்க பின்னால நிக்கறது யாரு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தாள். கண்ணைச் சற்று உயர்த்தி, என்னைவிட உயரமான ஒருவரின் முகத்தைப் பார்க்கிற பார்வை.

திரும்பிவிட்டேன். யாரும் இல்லை. வானம்தான். அதற்குள் ஏசி முழங்காலிலிருந்து வழுக்கி ஓரடி சறுக்கிவிட்டது. கேஸ்கட் ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து சுருண்டது.

லியோட்டா லோடரிலிருந்து கத்தினாள், "என்னய்யா, யாரைத் தேடறே?"

"மேல வேற யாராவது தெரிஞ்சாங்களா?"

"நீ தெரிஞ்சே. அதுவே என் கண்ணுக்கு ஜாஸ்தி."

நாளைக்கு நகரத்துக்குப் போய் வேறு கேஸ்கட் வாங்கிவர வேண்டும். திறப்பின்மேல் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறேன்.

மே 9, வெள்ளி

இதை எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே நடக்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

நகரத்துக்குப் போக நாற்பது நிமிஷம், வர நாற்பது. லியோட்டா பல் வைத்தியரைப் பார்க்க யூமாவுக்குப் போயிருந்தாள். ஆர்டித்தை டிரக்கில் ஏற்றப் பார்த்தேன். வரமாட்டேன் என்று என் கையைக் கடித்தாள். சரி, ஒன்றரை மணி நேரம்தானே. ஜன்னல்களைத் திறந்து, மேஜை விசிறியைப் போட்டு, தண்ணீர் வைத்து, பூட்டிவிட்டுப் போனேன். ஏணியையும் டிரக்கிலேயே போட்டுக்கொண்டேன், எப்படியாவது வெளியே வந்து ஏறிவிடப் போகிறாளே என்று. மணி ஒன்பது.

கேஸ்கட் பத்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. கடை வாசலில் டிரக்குக்குள் குளுகுளுவென்று இருந்தது. இரண்டு நிமிஷம் கண்ணை மூடினேன்.

விழித்தபோது மணி ஒன்று பத்து.

திரும்பி வந்த வழி எதுவும் நினைவில்லை. வெளியே நூற்றெட்டு. கம்பத்தில் பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றிருந்தது, அதாவது விசிறி ஓடவில்லை. எத்தனை நேரமாக? ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தேன். "ஆர்டித், ஆர்டித்"னு கத்தறேன், உள்ள சத்தமே இல்ல. ஐயோ கடவுளே, நான் என்ன பண்ணிட்டேன், என்ன பண்ணிட்டேன்!

அவள் திறப்புக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையிலும் தோளிலும் நனைத்த துண்டு. பாத்திரம் கழுவுகிற தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் காலை அதில் வைத்திருந்தாள். மேலேயிருந்து வெளிச்சம் அவள்மேல் நேராக விழுந்தது. முகம் சிவந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தாள். பல் விளக்கு என்றால் எதை வைத்து என்று கேட்கிறவள் ஆர்டித். துண்டை நனைக்க அவளுக்கு எப்படித் தோன்றியது?

"மேல இருக்கறவர் சொன்னார். துண்டை நனைச்சுப் போட்டுக்க, காலைத் தண்ணில வையின்னு. அப்புறம் அந்த மூடியை எடுத்துவிட்டார். சூடெல்லாம் மேல போயிடுச்சு."

அப்போதுதான் உறைத்தது. அவள்மேல் வெளிச்சம் விழுகிறது. தார்ப்பாய் இல்லை.

ஏணியை டிரக்கிலிருந்து எடுத்துச் சாத்தி ஏறினேன். தார்ப்பாயை நாலாக மடித்து ஓரமாக வைத்திருந்தது. அதன்மேல் நாலு ரப்பர் கயிறும் தனித்தனியாகச் சுருட்டி. பறந்துவிடாமல் இருக்க என் கருவிப்பெட்டி. காற்று இப்படிச் செய்யாது. நானும் செய்யமாட்டேன், நான் எதையும் மடிக்கிறவன் இல்லை, சுருட்டிக் கடாசுகிறவன். கூரையின் தூசியில் என் செருப்புத் தடம் மட்டும்தான்.

லியோட்டா நாலு மணிக்குத்தான் வந்தாள், வாய் ஒரு பக்கம் வீங்கி. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆர்டித்துக்கு தண்ணீரில் நீர்க்கக் கலந்த உப்பும் சர்க்கரையும் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கன்னத்தைத் தொட்டாள்.

"கடை வாசல்ல டிரக்லயே தூங்கிட்டியாமே. எழுப்பட்டுமான்னு கேட்டார். பாவம், தூங்கட்டும் விடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

நான் தூங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் காகிதத்தில்கூட இப்போதுதான் எழுதுகிறேன்.

அவளைக் காப்பாற்றியது யார் என்று தெரியாது. கொல்லப் பார்த்தது யார் என்று தெரியும்.

மே 10, சனி

விடியும்போதே மேலே போய்விட்டேன். கதவைப் பூட்டவில்லை. கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. கூரையில் குப்புறப் படுத்து முகத்தைத் திறப்பில் வைத்தேன். கூப்பிடாமலே வந்தாள். இரவு உடையோடு, முடி கலைந்து, அண்ணாந்து.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"நேத்து அவர் ரொம்ப பயந்துட்டார். அழுதார். நான் தூங்கற மாதிரி படுத்துக்கிட்டேன்."

இருட்டு முழுக்கப் போகவில்லை. என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. கேட்கலாமா, வேண்டாமா? கேட்டேன்.

"அவர் உங்களை நல்லா பாத்துக்கறாரா?"

"பாத்துக்கறார். சூப் வைப்பார், உப்பு மறந்துடுவார். தலை சீவிவிடுவார். வலிக்கும். சொன்னா மனசு கஷ்டப்படும்னு சொல்ல மாட்டேன்."

"அப்புறம்?"

குரலைத் தாழ்த்தினாள். "கதவைப் பூட்டிடறார். அவர் தூங்கறதே இல்ல. என்னைக் காவல் காத்துக் காத்தே ஒரு நாள் செத்துருவார். நான் உள்ள கெடப்பேன். யாருக்கும் தெரியாது."

மூக்கிலிருந்து ஒரு சொட்டு வியர்வையோ எதுவோ கீழே விழுந்தது. அவள் நகர்ந்துகொண்டாள்.

"அவர்கிட்ட ஒண்ணு சொல்றீங்களா? நான் சொன்னா கேக்க மாட்டார். பைத்தியம் பேசுதுன்னு நினைப்பார்."

"சொல்லுங்க."

"என்னை விட்டுடச் சொல்லுங்க."

"அவர்மேல கோவமா?"

"சேச்சே. நல்ல மனுஷன். கை வலிக்கும்ல? எவ்வளவு நேரம்தான் பிடிச்சுக்கிட்டே இருப்பார்."

சொல்லிவிட்டு அவள் பார்வை என்னைவிட்டு விலகி என் தோளுக்கு மேலே போயிற்று. அங்கே யாரிடமோ தலையசைத்தாள். இந்தத் தடவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழு மணிக்கு லியோட்டா வந்து ஒரு கை கொடுத்தாள். பழைய பஞ்சைச் சுரண்டிவிட்டுப் புது கேஸ்கட்டை ஒட்டினேன். இருவருமாக ஏசியை அலுங்காமல் தூக்கித் திறப்பின்மேல் வைத்தோம். ஒரு சொட்டுப் பசையும் தடவவில்லை. மூடுவதற்கு முன் ஆர்டித் கீழேயிருந்து கையசைத்து, "ஜாக்கிரதையா இருங்க" என்றாள். லியோட்டா பதிலுக்குக் கையசைத்தாள், தனக்குத்தான் என்று நினைத்து.

உள்ளே வந்து நாலு போல்ட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, கேஸ்கட் பாதியாக நசுங்கும்வரை முடுக்கினேன். வயர்களைச் சேர்த்தேன். குளிர்காற்று வெளியே வருகிற வழிக்கும் சூடான காற்று உள்ளே போகிற வழிக்கும் நடுவில் வெள்ளி நிற ஒட்டுநாடாவை ஒட்டினேன். பத்தே முக்காலுக்குப் போட்டேன். சத்தமே இல்லாமல் ஓடுகிறது. மதியம் மூன்றுக்கு வெளியே நூற்றொன்பது, உள்ளே எழுபத்து நாலு.

"மனுஷன் வேலைக்காரன்தான்யா" என்றாள் லியோட்டா, ஏசிக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு.

நான் ஜெயித்துவிட்டேன். நாளைக்கு ஜானெல் வந்தால் அவளால் ஒரு வார்த்தை பேச முடியாது.

மே 11, ஞாயிறு

ஜானெல் வந்தாள். கதவைத் திறந்ததும், "என்னப்பா இது, ஸ்வெட்டர் போடணும் போல இருக்கே!" என்றாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எல்லா மூலையிலும் நின்று கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "சரிப்பா. வாக்கு வாக்குதான். நான் தோத்துட்டேன். அம்மா உன்கூடவே இருக்கட்டும்" என்றாள். அதைக் கேட்கத்தான் ஐந்து நாளாக உயிரைக் கொடுத்தேன்.

படுக்கையறையிலிருந்து பெட்டியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். நேற்றே அடுக்கிவிட்டேன். ஆர்டித்தின் உடுப்புகள், மாத்திரை, அவளுக்குப் பிடித்த மிருதுவான சீப்பு. கொண்டியைப் பற்றிச் சொன்னேன். வெள்ளிக்கிழமையைப் பற்றி முழுக்கச் சொன்னேன், தார்ப்பாயைத் தவிர.

ஜானெல் கத்துவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆர்டித் கடித்த இடத்தில் அழுத்திவிட்டாள்; வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை.

மே 12, திங்கள்

போய்விட்டார்கள். ஆர்டித் காரில் ஏறும்முன் என்னிடம் கைகுலுக்கினாள்.

மே 13, செவ்வாய்

கொண்டியைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன்.

மே 20, செவ்வாய்

இல்லத்தில் சேர்ந்துவிட்டாள். செப்டம்பரில் வண்டியை இழுத்துக்கொண்டு லிங்கனுக்கே போய்விடுவேன். இந்த வெயிலில் இந்த டிரக் மலை ஏறாது.

மதியம் ஏசியை ஐந்து நிமிஷம் அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். மேலே யாரோ உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, இரண்டடி வைத்து, மறுபடி உட்கார்ந்தது போல. வெயிலில் சட்டங்கள் விரிந்தால் அப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். ஏசியைப் போட்டுவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

ஜானெல் இல்லத்திலிருந்து போன் செய்து அம்மாவிடம் கொடுத்தாள். "ஹலோ ஆர்டித்" என்றேன்.

"ஓ, நீங்களா!" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "மேலேருந்துதானே பேசறீங்க? அவர் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார்" என்றேன். "சாப்பிடறார். தூங்கறார்."

"நான் சொல்லச் சொன்னதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"சரின்னார்."

"ரொம்ப நன்றி. இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல. அவரைத் தனியா விட்டுடாதீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்கிறோம் என்றேன்.